கார் பக்கத்துல பேக் சீட் பத்தியும் எழுதுங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கமுங்க.

நம்ம பேப்பர்ல ரெண்டு காரை கம்பேர் பண்ணி போடுறீங்க, விடாம படிக்கிறேன். ஆனா எஞ்சின் பவர் எவ்ளோ, ஸ்க்ரீன் எத்தனை இன்ச், மைலேஜ் என்ன, அதோட முடிஞ்சுது. பின்னாடி உக்கார்றவங்களுக்கு ஒரு வரி கிடையாது. நாங்க கோத்தகிரி பக்கம், அம்மாவுக்கு மூட்டு வலி, மாசாமாசம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போகணும், அதனால டாடா கர்வ், சிட்ரோன் பசால்ட்ங்கற ரெண்டு கார்லயும் ஸ்டியரிங்கை விட்டுட்டு பின் கதவைத்தான் மொதல்ல தொறந்து பாத்தேன்.

கூபேன்னா கூரை பின்னாடி சரிஞ்சு எறங்குற காருங்க, ரெண்டு கதவு வச்ச நெஜமான கூபே எல்லாம் நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாதுங்க. இது ரெண்டும் 2024ல வந்த கூபே எஸ்யூவி, நாலு கதவு வச்சு கூரைய மட்டும் பின்னாடி சரிச்சு விட்டிருக்காங்க. அந்த சரிவு எறங்குறதே பின் சீட்டுக்காரங்க தலைக்கு மேலதான்.

கர்வ் உயரம் 1630 மில்லி, பசால்ட் 1593. அப்ப கர்வ்லதான் தலைக்கு எடம் ஜாஸ்தின்னு நெனைப்போம். ஆனா கர்வோட கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது ரோட்டுக்கும் வண்டி அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி, 208, பசால்ட்டுக்கு 180, கூடுதலா இருக்கிற 37 மில்லில 28 வண்டிக்கு அடியிலயே போயிருது, சன்ரூஃப் வச்ச மாடல்னா அதுவும் மேல கொஞ்சம் எடத்தை எடுத்துக்குது. பசால்ட்ல சன்ரூஃபே கெடையாது. எங்க தம்பி நல்ல ஒசரம், கர்வ்ல நிமிந்து உக்காந்தா முடி கூரைய தொடுது, பசால்ட்ல தப்பிச்சுக்கறான். வீல்பேஸும், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரமும், பசால்ட்டுக்கு 2651, கர்வுக்கு 2560, அந்த வித்தியாசம் முட்டிக்கு முன்னாடி நல்லாவே தெரியுதுங்க.

மலைக்காரங்களுக்கு இதைவிட முக்கியம் தொடைக்கு கெடைக்கிற சப்போர்ட். கீழ எறங்கும்போது பிரேக் போடப் போட ஒடம்பு முன்னால வழுக்கும், சீட் பலகை குட்டையா இருந்தா தொடை அந்தரத்துல நிக்கும், வயசானவங்க காலை ஊனி ஊனியே மேட்டுப்பாளையம் போறதுக்குள்ள முட்டி வீங்கிரும். பசால்ட்ல விலை கூடுன மாடல்ல பின் சீட்ல தொடைக்கு கெடைக்கிற சப்போர்ட்டை மூணு ஸ்டெப்பா 87 மில்லி வரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், ஹெட்ரெஸ்ட்டுக்கும் ரெண்டு பக்கம் காது மாதிரி இருக்கு, வளைவுல தல ஆடாம புடிச்சுக்கும். அம்மா அதுல சாஞ்சுட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாங்க, ஷோரூம் பையன் சிரிக்கிறான்.

கர்வை மட்டமா சொல்லலைங்க. அகலம் 1810, பசால்ட் 1765தான், பின்னாடி மூணு பேர்னா கர்வ்லதான் தோள் இடிக்காது. டிக்கியும் 500 லிட்டர், பசால்ட்டுக்கு 470. மேல் மாடல்ல பின் சீட் முதுகை சாச்சுக்கலாம், ஆனா மேல ஏறும்போது வண்டியே நம்மள சாச்சுத்தானே வச்சிருக்கு! முன் சீட்ல காத்து வர்ற வசதி வேற, கோத்தகிரி குளிருக்கு அத எவன் போடுவான்.

கூபேன்னாலே பின் கண்ணாடி சின்னதாயிரும், இத யாருமே சொல்றதில்ல. உள்ள இருக்கிற புள்ளைங்களுக்கு ரோடு தெரியாது, ரோடு தெரியலைன்னா வாந்திதான். மேட்டுப்பாளையத்துலேர்ந்து குன்னூர் வர்றதுக்குள்ள 14 கொண்டை ஊசி வளைவு இருக்கே. ஷோரூம்காரங்க டெஸ்ட் டிரைவுன்னு நேர் ரோட்டுல ஒரு ரவுண்டு விட்டு, அதுவும் நம்மள முன்னாடியே உக்கார வச்சு அனுப்பிடுறாங்க. உங்க நிருபர் அடுத்த தடவ ரெண்டு வண்டியையும் அந்தக் குன்னூர் ரோட்டுல பர்லியார் வரைக்குமாவது ஏத்தி, பின்னாடி உக்காந்து பாத்துட்டு எழுதட்டும், படத்தையும் பின் கதவுலேர்ந்தே எடுத்துப் போடுங்க.

நாங்க இன்னும் புக் பண்ணலைங்க. அம்மா ஓட்டு பசால்ட்டுக்கு, ஆனா எங்க தேயிலைத் தோட்டத்து மண் ரோட்டுக்கு அந்த 180 மில்லி கிளியரன்ஸ் பத்துமான்னு வீட்ல பேச்சு ஓடிட்டிருக்கு.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகர்