வீட்டுக் குசினிக்குள் நின்றாலும் ரோமிங் கட்டணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஐரோப்பா முழுவதும் ரோமிங் கட்டணம், அதாவது வெளிநாட்டில் போனைப் பாவிப்பதற்கான கூடுதல் காசு, ஒழிந்துவிட்டது, விடுமுறைக்குப் போகிறவர்கள் பயமில்லாமல் போனைப் பாவிக்கலாம் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அது சரி, நோர்வேக்கும் சரி. ஆனால் சுவிஸ் அந்த விதிக்குள் இல்லை. இதை நம்பி ஜேர்மனியில் இருந்தோ பிரான்சில் இருந்தோ சுவிசில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு யாராவது கிளம்பினால் பில்லைப் பார்க்கும்போதுதான் விஷயம் தெரியும்.

எனக்கு அப்படித்தான் தெரிந்தது, அதுவும் சுவிசுக்குப் போகாமலே. நான் இருப்பது ஜேர்மன் எல்லையோர ஊரான வைல் அம் ரைன். சுவிஸ் நகரமான பாசலின் 8ஆம் இலக்க டிராம் எல்லையைத் தாண்டி எங்கள் ஊருக்குள்தான் வந்து நிற்கும், அவ்வளவு கிட்ட. எங்கள் குசினி யன்னலும் பாசல் பக்கம்தான் பார்க்கிறது. அங்கே நின்றால் என் போன் சில நேரம் ஜேர்மன் அலையை விட்டுவிட்டு எல்லைக்கு அப்பால் உள்ள சுவிஸ் அன்டெனாவைப் பிடித்துக்கொள்ளும். அம்மாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டே மா குழைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, 59 யூரோ 50 சதம் போய்விட்டது. எச்சரிக்கைச் செய்தி வந்துதான் இருக்கிறது, கையில் மாவோடு நிற்கும்போது அதைப் பார்க்கவில்லை. 50 யூரோ ஆனதும் டேட்டாவை நிறுத்தவேண்டும் என்று ஐரோப்பிய விதி இருப்பதால் அதோடு நின்றது, மிச்சம் 19 வீத வரி. அதே ஊரில் மேற்கே ரைன் நதிக்கு மேலே நடைபாலம் இருக்கிறது, அதைத் தாண்டினால் பிரான்ஸ். அங்கே போய் மணிக்கணக்காகக் கதைத்தாலும் என் போன் பொதிக்குள்ளேயே (பக்கேஜ்) அடங்கும், ஒரு சதம் கூடுதலாக வராது.

கடையில் போய்க் கேட்டதற்கு, ரோமிங்கை அணைத்து வையுங்கள் என்றார்கள். அணைத்தால் பிரான்சிலும் டேட்டா வேலை செய்யாதே! இப்போது போனில் நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் நானே தேர்ந்து வைத்திருக்கிறேன். எல்லையோரம் இருக்கிறவர்கள் இதைச் செய்துகொள்ளுங்கள்.

சட்டம் வராமல் கம்பனிகள் தாங்களாக எதையும் குறைத்ததில்லை என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முன்பெல்லாம் பாரிசில் லாசப்பலுக்குப் போனால் வருகிற அழைப்புக்குப் பதில் சொல்வதற்கும் நாம்தான் காசு கட்டினோம், மணி அடித்ததும் வெட்டிவிட்டு தொலைபேசி அட்டை வாங்கித் திருப்பி எடுப்போம், அது நினைவிருக்கும் பலருக்கு. 2007இல் முதல் சட்டம் வந்தபோது நாம் வெளியே எடுக்கும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 49 சதம், வரும் அழைப்புக்கு 24 சதம் என்று வரிக்கு முன்னான உச்ச வரம்பு வைத்தார்கள், அதுவே அன்று பெரிய ஆறுதல். அப்புறம் கோடைக்குக் கோடை இறக்கி இறக்கி, 2017 ஜூன் 15இல் வீட்டில் என்ன விலையோ வெளியிலும் அதே விலை என்றாக்கினார்கள். அதை 2022இல் இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டியும் விட்டார்கள். பிரித்தானியா என்ன ஆனது என்று பாருங்கள். ஒன்றியத்தை விட்டு விலகியதும் சட்டக் கட்டாயம் போனது, 2022இல் பெரிய கம்பனிகள் சில, ஒரு நாளைக்கு 2 பவுண் அளவில் கட்டணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன.

செலவு கூட என்று கம்பனிகள் சொல்லும். ஒன்றியத்துக்குள், தன் வாடிக்கையாளர் மற்ற நாட்டு அலையைப் பாவித்ததற்காக ஒரு கம்பனி இன்னொரு கம்பனிக்குக் கொடுக்கும் மொத்த விலைக்கும் வரம்பு இருக்கிறது, 2017இல் ஒரு ஜிபிக்கு 7 யூரோ 70 சதமாக இருந்தது 2026இல் 1 யூரோ 10 சதம். சுவிஸ் கம்பனிகளுக்கு அந்த வரம்பு இல்லை, அங்கேதான் முடிச்சு. என் கம்பனியிடம் மட்டும் சண்டை பிடித்து அதை அவிழ்க்க முடியாது, சுவிஸ் அரசும் ஒன்றியமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போடவேண்டும். உறுப்பு நாடாக இல்லாவிட்டால் முடியாது என்று யாரும் சொல்லவேண்டாம். உக்ரைனும் மொல்டோவாவும் உறுப்பினராகாமலே 2026 ஜனவரி 1 முதல் இதற்குள் வந்துவிட்டன.

நம்மைப்போல எத்தனை குடும்பம் இந்த எல்லைக்கு இரண்டு பக்கமும் பிரிந்து கிடக்கிறது! அக்கா பாசலில், தம்பி பாரிசில், மாமி டோர்ட்முண்டில் என்றுதான் பாதிப் பேர் இருக்கிறோம். ஜேர்மனியில் ஹாம் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்கு சுவிசில் இருந்து வருகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான், பொதி போடாமல் வந்தால் அவர்களுக்கும் பில் ஏறும். சுவிசில் வாக்குரிமை எடுத்த நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தயவுசெய்து உங்கள் கன்டோனில் (மாநிலத்தில்) இருந்து போன நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதை எழுதுங்கள், ஜேர்மனியில் நானும் எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதியிருக்கிறேன்.

பத்திரிகைக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறை தொடங்குமுன், எந்த நாடுகள் இதற்குள், எவை வெளியே என்று முதல் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். சுவிசைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வைல் அம் ரைன், ஜேர்மனி