அக்காவின் மாத்திரையும் ஒரு கேள்வியும்

பாபநாசம்,
புரட்டாசி 20

அன்புள்ள சந்தானத்துக்கு,

இங்கு எல்லோரும் நலம். குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் கிடக்கிறது. ஈரப்பதம் பற்றிப் புலம்பத் தொடங்கினால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய் என்பதால் அதை விடுகிறேன். வலங்கைமான் அக்காவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நகரத்தில் அவள் சர்க்கரைக்குப் பார்த்துவந்த மருத்துவர் கெட்டிக்காரர்தான், ஆனால் சீட்டிலிருந்து தலை நிமிராமல், "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, இல்லையா?" என்று அதட்டுவார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வயிற்றைக் கலக்கியதால் பாதி நாள் அதைத் தொடாத அக்கா, அந்தக் குரலுக்குப் பயந்து "சாப்பிடுகிறேன் டாக்டர்" என்று தலையாட்டிவிடுவாள். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஏறியிருப்பதைக் கண்ட அவர், அவள் சாப்பிடாத மாத்திரையின் அளவை இன்னும் கூட்டி எழுதிவிட்டார். பொய் சொல்ல வைத்த அதட்டல் எவ்வளவு ஆபத்தானது, பார்த்தாயா?

ஆவணியில் அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் மருத்துவருக்கு, மருத்துவம் படிக்கும் நம் நித்யாவைவிட நாலைந்து வயது கூடுதலாக இருந்தால் அதிகம். மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தவர், "இது பலருக்கு வயிற்றைக் கலக்கும் அம்மா, நடுவில் விட்டுவிடுவார்கள்; நீங்கள் வாரத்தில் எத்தனை நாள் விடுவீர்கள்?" என்றார். அவ்வளவுதான், இன்சுலின் போட்டால் ஆயுள் முடிந்தது என்று எதிர்வீட்டுக்காரி சொன்னது உட்பட அக்கா அனைத்தையும் கொட்டிவிட்டாள். அளவைக் குறைத்துச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டு, பிறகு மெல்லக் கூட்டலாம் என்று விளக்கியவர், "வீட்டில் மருமகள் கேட்டால் எப்படிச் சொல்வீர்கள்?" என்று அக்காவின் வாயாலேயே திரும்பச் சொல்லவைத்தார்.

நோயாளி பேசத் தொடங்கிய 18 நொடிகளில், சராசரியாக, மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார் என்று 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வைப் பற்றி நித்யா சொன்னபோது, "நம் ஊரில் 18 நொடி கிடைத்தால் மொய் எழுதலாம்" என்றாய். கூட்டத்தில் பேச நேரம் ஏது என்று இப்போதும் வாதிடுவாய். அன்றைக்கும் வரிசை வாசல் வேம்பு வரை நின்றது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அதட்டுவதைவிடக் கூடுதல் நேரம் ஆகவில்லை.

இனிக்கப் பேசினால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். நம் சைக்கிள் கம்பவுண்டரை மறந்துவிட்டாயா? காய்ச்சலுக்கும் ஊசி, கவலைக்கும் ஊசி என்று குத்தித் தள்ளியவரை ஊரே கும்பிட்டது அந்த வாய்க்காகத்தான். வந்தவர்கள் கேட்க விரும்பியதை மட்டுமே அவர் சொன்னார். இந்தப் பெண்ணோ, "இந்த அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இப்போது எனக்குத் தெரியாது, வயிறு கலங்கினால் நீங்களாக நிறுத்தாமல் என்னிடம் வாருங்கள்" என்றார். பேருந்தில் வரும் வழியெல்லாம் அக்கா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறையும் மருத்துவ அறமும் தனிப் பகுதியாக இருக்கின்றனவாமே! ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குள் நுழையும் முன் நித்யாவை ஒரு முறை அக்காவிடம் உட்காரவை. அக்காவிடம் மாத்திரை பற்றிக் கேட்கும்போது நித்யாவின் குரல் எப்படி இருக்கிறதென்று நீ பக்கத்தில் இருந்து கேள்.

அக்காவின் அடுத்த பரிசோதனை மார்கழியில். அளவு இறங்கினாலும் ஏறினாலும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ராமு