குழந்தைக் குவில்ட் தைக்கும் உறுப்பினர்களுக்கு

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, வழக்கம்போல் காரைக்குடி வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) கூடி, 36 அங்குலச் சதுரக் குழந்தைக் குவில்ட் (துணித் துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) தைக்கத் தொடங்குகிறோம்.

பழைய கண்டாங்கிச் சேலைகளின் நைந்த பகுதிகளை நீக்கிவிட்டு, மற்றவற்றைத் தண்ணீரில் சாயம் இறங்குவது நிற்கும்வரை துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவாருங்கள். நான் முதலில் தைத்த குவில்டில் அரக்குச் சாயம் வெள்ளைக் கட்டத்தில் இறங்கியதைப் பார்த்து மனம் மிகவும் வாடியது.

ஆறரை அங்குலச் சதுரங்களாக 36 துண்டுகள் வெட்டி, கால் அங்குலம் உள்ளே தைத்தால், ஒவ்வொன்றும் ஆறு அங்குலமாக நிற்கும். இந்தக் கால் அங்குலத்தில்தான் கை பழக வேண்டும். ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குறுகினால், வரிசையின் ஐந்து தையல்களில் அரை அங்குலத்துக்கு மேல் குறைந்து, மூலைகள் ஒன்றோடொன்று சேராமல் போய்விடும். வேகம் தானே வரும். அளவு அப்படி வருவதில்லை.

அடித்துணியும் பஞ்சு விரிப்பும் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். சுருக்கம் விழாதிருக்க, மூன்றடுக்கையும் ஊக்கு குத்தி, நடுவிலிருந்து வெளிப்புறமாக ஓட்டுத்தையல் போடுவோம்.

மணி, பொத்தான் எதுவும் வைக்க வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது இதைப் போர்த்தாமல், விழித்திருக்கையில் தரையில் விரித்து விளையாட மட்டும் பயன்படுத்துமாறு, பரிசாகத் தருபவர்கள் தாய்மாரிடம் சொல்லிவிடுங்கள்.

ஊக்குகளும் நூலும் நான் கொண்டுவருகிறேன்.