கடைக்கு வராத தேர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொம்மை இறக்குமதி குறைந்து உள்நாட்டு உற்பத்தி வளர்வதைப் பற்றி அண்மையில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில் சந்தைக்கு வந்த பொம்மைகளின் கணக்கு மட்டுமே இருந்தது. வராமலே நின்றுபோன பொம்மைகளின் கணக்கை, மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் இருபத்தாறு ஆண்டுகள் பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பிளாஸ்டிக் பொம்மையில் பெருஞ்செலவு பிளாஸ்டிக்குக்கு அன்று, அதை வார்க்கும் எஃகு அச்சான டைக்குத்தான். 2012ஆம் ஆண்டு சித்திரைத் திருவிழாவை மனத்தில் வைத்து, குழந்தைகளே பூட்டிக் கழற்றக்கூடிய சிறு தேர் ஒன்றை வடிவமைத்தேன். அடித்தட்டு, சக்கரம், தூண், விமானம் ஆகியவற்றுக்கு நான்கு டைகள் வேண்டும். மொத்தச் செலவு 3,20,000 ரூபாய். பத்தாயிரம் தேர் விற்றால் ஒன்றுக்கு 32 ரூபாய் டைச் செலவு விழும். பிளாஸ்டிக், மின்சாரம், கூலி, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்ந்து 45 ரூபாய். ஆக அடக்கம் 77 ரூபாய். மொத்த வியாபாரி ஒருவர் 90 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு டைகள் தயாரான நிலையில், மேற்பகுதியை மரத்தில் செதுக்கிப் பொருத்திய மாதிரியை மாசி மாதம் அவரிடம் காட்டினேன். விளக்கெரிந்து பாட்டும் பாடுகிற இறக்குமதிக் கார் அதே விலைக்குக் கிடைக்கிறது என்று சொல்லி, இரண்டாயிரம் தேர் போதும் என்றார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. கடை வாடகை கொடுப்பவர் அப்படித்தான் பேசுவார். இரண்டாயிரம் தேரில் ஒன்றுக்கு 45 ரூபாய் மிஞ்சினாலும் மொத்தம் 90,000 ரூபாய்தான். மீதி இரண்டு டைகளுக்கோ இன்னும் 1,60,000 ரூபாய் போட வேண்டும். போட்ட பணத்தை நினைத்து ஏங்காமல், இனிப் போடும் பணம் திரும்புமா என்று மட்டும் பார்த்து அன்றே நிறுத்தினேன். அந்த இரண்டு டைகளும் கிரீஸ் பூசிய நிலையில் இன்றும் என் வீட்டுக் கொல்லையில் கிடக்கின்றன. பழைய இரும்புக்காரர் மட்டும் ஆண்டுக்கொரு முறை கிலோ விலை கேட்டுவிட்டுப் போகிறார்.

உலகின் பெரிய நிறுவனங்களும் இந்தக் கணக்குக்கு விலக்கல்ல. ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2021இல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் ரேன்கோர் என்னும் பூதத்தின் பெரிய பொம்மையை ஏறத்தாழ 350 டாலர் விலையில் அறிவித்து, 9,000 முன்பதிவு வந்தால்தான் செய்வோம் என்றது. அத்தனை முன்பதிவு வரவில்லை, பொம்மையும் வரவில்லை. ஆயினும், எண்ணிக்கை தெரிந்த பிறகே பெருஞ்செலவில் இறங்குவது என்ற அந்த முறை, என்னைப் போன்றவர்களுக்குக் கிட்டாத வசதி.

பாதுகாப்புக் காரணத்தாலும் பொம்மைகள் நின்றுபோவதுண்டு. 1979இல் அமெரிக்காவின் கென்னர் நிறுவனம், ஸ்டார் வார்ஸ் பாத்திரமான போபா ஃபெட்டின், முதுகிலிருந்து ராக்கெட் பாயும் பொம்மையை அப்படிக் கைவிட்டது; வேறொரு நிறுவனத்தின் பொம்மையிலிருந்து பாய்ந்த சிறு ஏவுகணை தொண்டையில் சிக்கி ஒரு குழந்தை இறந்திருந்த நேரம் அது. கைவிடப்பட்ட அந்தப் பொம்மையின் மாதிரி ஒன்று 2024இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போயிற்று. (என் மரத்தேர் மாதிரியை ஏலம் கேட்க யாரும் வரவில்லை, பேரன் அதன் ஒரு சக்கரத்தையும் தொலைத்துவிட்டான்.) நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியிருப்பது சரியான ஏற்பாடே. ஆனால் கழன்று வாய்க்குள் போகும் சிறு பாகம், கையைக் கிழிக்கும் விளிம்பு போன்ற குறைகள் டை வெட்டிய பின் சோதனையில் தெரிந்தால், எஃகைத் திருத்தும் செலவு சிறு பட்டறையை முடக்கிவிடும். வரைபட நிலையிலேயே ஆலோசனை கிடைக்க வேண்டும்.

மதுரைக்கு அருகே பொம்மைக் கலைஞர்கள் வாழும் விளாச்சேரிக்குப் போய்ப் பார்த்தால் இதன் மறுபக்கம் விளங்கும். அங்கே கொலு பொம்மைக்கு அச்சு பிளாஸ்டர் மாவில் எடுப்பது. புதிய உருவம் ஒன்று விலைபோகாவிட்டால் மாவும் சில நாள் உழைப்பும் போகும், வீடு அடகுக்குப் போகாது. அதனால்தான் அவர்களால் நவராத்திரிக்கு நவராத்திரி புதுச் செட்டுகளைத் துணிந்து இறக்க முடிகிறது. எஃகு டைக்காரனுக்கு அந்தத் துணிவு வராததற்குக் காரணம் கற்பனைப் பஞ்சமன்று.

2020 பிப்ரவரியில் பொம்மைகளுக்கான சுங்க வரியை 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தியது போட்டியைக் குறைத்திருக்கிறதே தவிர, டையின் விலையைக் குறைக்கவில்லை. 2025 மத்திய நிதிநிலை அறிக்கையில் பொம்மைத் தொழில் தொகுப்புகளுக்குத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் மதுரைக்குப் பங்கு கிடைக்குமானால், கட்டடங்களுக்கு முன்பாக, டை வெட்டித் தரும் ஒரு பொது டூல் ரூமும், முடங்கிய டைகளை வாடகைக்கு விடும் வங்கியும் அமைய வேண்டும். மதுரையில் இயங்கும், மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் மையத்தின் மேற்பார்வையில் இதை நடத்தலாம். ஒருவனுக்குப் பயன்படாத சக்கர டை மற்றொருவனின் வண்டிக்குப் பொருந்தும். அவன் மேற்பகுதிக்கு மட்டும் செலவழித்தால் போதும்.

அப்படியொரு வங்கி தொடங்கப்பட்டால், என் தேரின் அடித்தட்டு டையையும் சக்கர டையையும் விலையில்லாமல் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். சக்கரத்தின் விட்டம் 40 மில்லிமீட்டர்.

இப்படிக்கு,
பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை முன்னாள் உரிமையாளர்,
திருநகர், மதுரை.