லேசர் முடிந்த பிறகும் கவனம் தேவை

ஐயா,

விழித்திரையில் (கண்ணின் உட்புறப் பின்பக்கத்தில் ஒளியை உணரும் மெல்லிய படலம்) விழும் கிழிசலுக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டு அன்றே வீடு திரும்பலாம் என்ற மருத்துவச் செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். உண்மைதான். ஆனால் கிழிசல் அன்றே ஒட்டிவிடுவதில்லை. லேசர் பட்ட இடத்தில் தழும்பு உண்டாகி விழித்திரை இறுகப் பிடிக்க சுமார் 2 வாரம் ஆகும். அதுவரை பளு தூக்கக் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். அப்புறமும் அதே கண்ணில் வேறோர் இடத்தில் புதிய கிழிசல் வரலாம். செய்தியில் விடுபட்டது இதுதான்.

மன்னார்குடி அருகே வசிக்கும் என் அண்ணனுக்கு லேசர் முடிந்தது குறுவை அறுவடை நேரத்தில். வலி இல்லை, பார்வையும் தெளிவு. சரியாகிவிட்டது என்று நெல் மூட்டையைத் தூக்கப் போனவரை அண்ணிதான் தடுத்தார். சில மாதங்கள் கழித்து, கரித்தூள் தூவியது போல அந்தக் கண்ணில் கரும்புள்ளிகள் திடீரென்று கூடின. பழைய புள்ளிதானே என்று விட்டுவிடாமல் மறுநாளே போனார். புதிய கிழிசல் விழித்திரை விலகலாக, அதாவது விழித்திரையே இடத்தை விட்டுப் பிரிந்துவிடும் நிலையாக, மாறும் முன் இன்னொரு லேசரோடு தப்பினார்.

டெல்டாவில் வயல் வேலை செய்பவர்களுக்கு இதை வாய்மொழியாகச் சொன்னால் போதாது. புள்ளிகள் திடீரெனக் கூடினாலோ, ஒளி வெட்டினாலோ, ஓரத்தில் திரை போல நிழல் விழுந்தாலோ அன்றே வர வேண்டும் என்று பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்ட சீட்டை, சொட்டு மருந்தோடு சேர்த்து ஒவ்வொரு கண் மருத்துவமனையும் கொடுக்க வேண்டும்.

வாசகர், மன்னார்குடி