பேரணி முதலுதவிக்குத் தமிழில் பயிற்சி வேண்டி மனு

பெறுநர்:
இயக்குநர், சுகாதார இலாகா,
கூட்டரசுப் பிரதேசம் கோலாலம்பூர் - புத்ராஜெயா.

அனுப்புநர்:
பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் வட்டார முதலுதவித் தொண்டர்கள்,
கோலாலம்பூர்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2007 நவம்பர் 25 அன்று ஜாலான் அம்பாங் பக்கம் திரண்ட தமிழர்கள் மீதும், 2011 ஜூலை 9, 2012 ஏப்ரல் 28 அன்று தூய்மையான தேர்தல் கோரி நடந்த பெர்சே பேரணிகளிலும் கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீரங்கியும் பயன்படுத்தப்பட்டன. அந்தப் பேரணிகள் பற்றிய வழக்குக்குள் நாங்கள் போகவில்லை. கூட்டத்தில் ஒருவர் விழுந்தால், ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை பக்கத்தில் நிற்பவருக்கு என்ன செய்யத் தெரியும்? எங்கள் கவலை அதுதான்.

அமைதிப் பேரணிச் சட்டப்படி போலீசுக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். அந்த ஐந்து நாளில் தொண்டர்களைத் திரட்டிப் பழக்கிவிட முடியாது. அதனால் முன்கூட்டியே பயிற்சி வேண்டுகிறோம்.

கண் கழுவுவதை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்க எளிது; அதிகம் தவறு நடப்பதும் அதில்தான். கண்ணீர்ப்புகை காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். ஆகவே பாதிக்கப்பட்டவரை முதலில் காற்று வரும் திசைக்கு, மேடான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் சுத்தமான விரலால் கழற்ற வேண்டும். கழுவும் கண் கீழ்ப்புறம் வரும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக நீரை ஓடவிட வேண்டும். முகத்தை நிமிர்த்தி ஊற்றினால் ஒரு கண்ணைக் கழுவிய நீர் மறு கண்ணிலும் வாயிலும் இறங்கும். மூடியில் சிறு துளையிட்ட அரை லிட்டர் போத்தலைப் பிழிந்தால் நீர் மெல்லிய தாரையாக வரும். பத்து நிமிடமாவது கழுவ வேண்டியிருப்பதால் ஒருவருக்கு ஒரு போத்தல் போதாது, நான்கைந்து வேண்டும். பால், பற்பசை, வினிகர் கூடாது. நம் பாட்டிமார் கைப்பையில் எப்போதும் இருக்கும் தைலம் எரிச்சலைக் கூட்டும். பேரணிகளில் பரவிய உப்பைச் சப்பும் பழக்கத்தாலும் பயனில்லை.

அடுத்தது துணி. டி-சட்டையைத் தலைவழியாக உருவினால் அதில் படிந்த துகள் முகத்திலேயே தேய்படும். முன்பக்கம் கத்தரித்து எடுக்க வேண்டும். சேலை கட்டிய பெண்களுக்குப் பெண் தொண்டர் ஒருவரும், மறைப்புப் பிடிக்க இரண்டு கைலியும், மாற்றுத் துணியும் தேவை. இவை இல்லையென்றால் கூச்சத்தில் ரசாயனம் நனைத்த சேலையோடே உட்கார்ந்துவிடுவார்கள். தோல் எரிந்துகொண்டே இருக்கும்.

வெயிலில் சுருண்டு குழறிப் பேசுபவருக்கு வாயில் நீர் ஊற்றக் கூடாது, புரையேறும். 999-ஐ அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி உடலை நனைத்து விசிற வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைக்க வேண்டும்.

கையிலோ காலிலோ இரத்தம் பீறிட்டால், அழுத்தியும் நிற்காதபோது, இரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் பட்டை வேண்டும்: காயத்துக்கு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் மேலே, மூட்டைத் தவிர்த்து. வலிக்குமே என்று அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபடும், தமனியில் இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், கசிவு கூடும். இறுக்கிய நேரத்தைப் பட்டையிலேயே எழுத வேண்டும். இதைப் படம் பார்த்துக் கற்க முடியாது.

தமிழில் ஏன் என்றால், "கண்ணைக் கசக்காதீங்கம்மா, இமையை நான் பிடிச்சுக்கிறேன்" என்று புரியும் மொழியில் சொன்னால்தான், பயந்துபோன ஒருவர் கையை முகத்திலிருந்து எடுப்பார்.

ஆகவே, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ இருபது பேருக்கு முழுநாள் பயிற்சி நடத்த, தமிழ் பேசும் பயிற்றுநர்களை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். நெஞ்சழுத்தப் பயிற்சிக்கு நான்கு பொம்மைகள், நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவியின் பயிற்சி வடிவம் ஒன்று, டூர்னிக்கெட் பட்டைகள் பத்து தந்துதவ வேண்டும். மண்டபச் செலவு, போத்தல், காயத்துக்கு வைக்கும் காஸ் துணி, கைலி எங்கள் பொறுப்பு. நாங்கள் எழுதியிருக்கும் ஒருபக்கத் தமிழ்க் குறிப்பை உங்கள் மருத்துவர் ஒருவர் திருத்தித் தர வேண்டும்.

இன்னொன்று, எங்களால் தனியாகச் செய்ய முடியாதது. பயிற்சி முடித்தவர்களை அடையாளம் கண்டு, கண் கழுவும் போத்தல்களைப் பறிமுதல் செய்யாதிருக்கவும், சோகோ பேரங்காடி முன்பும் டத்தாரான் மெர்டேக்காவிலும் கூட்டம் கூடும் நாளில் ஆம்புலன்ஸ் போக ஒரு தடத்தைக் காலியாக வைக்கவும், டாங் வாங்கி மாவட்டப் போலீஸ் தலைவருக்குத் தங்கள் இலாகாவிலிருந்து ஒரு கடிதம் போக வேண்டும். நேரில் விளக்க அரை மணி நேரம் ஒதுக்கினால், போத்தலையும் பட்டையையும் கொண்டுவந்து செய்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
முதலுதவித் தொண்டர்கள்