எதிர்க்கட்சித் தம்பிக்கும் மற்றவர்களுக்கும்

அன்பான ஊரவர்களுக்கு,

என் வீட்டுக்காரர் நேற்று வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி குடித்தார், உப்புக் குறைவு என்று குறையும் சொன்னார். எனக்கு அவ்வளவு போதும். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

இரத்தம் கொடுத்த பிள்ளைகள், மாடு கன்றைப் பார்த்த பக்கத்து வீட்டார், எனக்குப் பதிலாக நோட்டீஸ் கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கிய மாதர் சங்கத்து அக்காமார், தாதிமார், எல்லோருக்கும் சேர்த்து நன்றி. பெயர் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிட்டுப் பேச்சு வாங்குவேன். 12 வருட அரசியலில் நான் படித்த பாடம் அது ஒன்றுதான்.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கட்சிக்குள் அவருக்குக் கரைச்சல் வரும், அதனால் பெயர் வேண்டாம்.

2025 மே 6 இரவு, நான் கேட்ட பிரதேச சபைத் தேர்தலின் வாக்கு எண்ணும் நிலைய வாசலில் நிற்கும்போதுதான் வைத்தியசாலையிலிருந்து அழைப்பு. பஸ் இல்லை. எங்கள் பெடியள் வேறு வட்டாரங்களில். அப்போதுதான் அந்தத் தம்பி மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

"ஏறுங்கோ அக்கா."

பத்து நாளுக்கு முதல் ஒலிபெருக்கியில் "தோத்துத் தோத்தும் திருந்தாதவ" என்று என்னைச் சொன்னவர். சரி, பொய்யும் இல்லை. 2013இல் வட மாகாண சபைக்குக் கேட்டேன். முல்லைத்தீவுக்கு ஐந்தே இடம், ஆளாளுக்குப் போடும் விருப்பு வாக்கில் அடிபட்டுப் போனேன். 2018இல் பிரதேச சபை, அதுவும் தோல்வி. 2023இல் கட்டுப்பணம் கட்டிய பிறகு தேர்தல் நடத்தக் காசில்லை என்று தள்ளிப்போட்டார்கள். அந்த ஒரு முறைதான் நான் தோற்கவில்லை!

ஒரே ஹெல்மெட். அதை என் தலையில் போட்டுவிட்டார். ஒட்டுசுட்டான் பக்கக் காட்டுக்குள் போகும்போது வீதியில் தனியன் யானை. இயந்திரத்தையும் விளக்கையும் அணைத்துவிட்டு மூச்சுக்கூட விடாமல் நின்றோம். அந்த நேரம் பார்த்து அவருடைய சட்டைப் பைக்குள் தொலைபேசி மினுங்கி மினுங்கி அதிர்ந்தது. பொத்திப் பிடித்து நிறுத்தினார். யானை விலக அரை மணித்தியாலம் ஆனது.

"ஆர் தம்பி எடுத்தது?"

"சும்மா அக்கா."

விடியும்வரை வைத்தியசாலை வாங்கிலேயே இருந்தார். காலையில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. எங்கள் வட்டாரத்தில் அவர்கள் வென்றுவிட்டார்கள். ஊரில் வெடி கொளுத்த அவரைத் தேடித்தான் அந்த அழைப்புகள். ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர்.

மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது, இன்னும் தேர்தல் இல்லை. வைத்தால் கட்டாயம் கேட்பேன். (இவரிடம் இன்னும் சொல்லவில்லை.) உங்கள் கட்சியை மேடையில் விளாசத்தான் போகிறேன் தம்பி, அதில் மாற்றமில்லை.

ஹெல்மெட் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. இந்த ஞாயிறு வாருங்கள். இவரும் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்.